பையன்கள் வெளியே போகலாம்

கவரைப்பேட்டையில் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பும் தெருவில் ஏஞ்சலைத் தெரியாதவர்கள் இல்லை. ரோலிங் மில் பீட்டரின் மகள். அந்தத் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருந்தாலும், பேங்கிலிருந்து புரியாத எஸ்.எம்.எஸ். வந்தாலும், “ஏஞ்சலு, இத்தக் கொஞ்சம் பாரேன்” என்று அவளைத் தேடித்தான் வருவார்கள். பாதிக் கேள்விகளுக்கு அவளுக்கும் பதில் தெரியாது. ஆனால் தெரிந்தவள்போல முகத்தை வைத்துக்கொள்வதைக் கணிதப் பட்டத்தோடு சேர்த்தே கற்றுக்கொண்டிருந்தாள். முதன்முதலாகப் படித்தவர்களுக்கு அந்த முகம் அவசியம். இல்லையென்றால் “இதுக்குத்தான் காலேஜ் போனியா?” என்று கேட்டுவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின், அதே முகத்தோடுதான் சபையின் பின்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் நின்றாள். போனில் வரும் ஆபத்துகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஆயர் கேட்டிருந்தார். யார் சொல்வது? படித்த பெண்தான் இருக்கிறாளே. ஏஞ்சல் இணையத்தில் தேடித் தேடிப் படித்துத் தயாராகி வந்திருந்தாள். பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் அவள் முதலில் சொன்னது இதுதான்:

“பையன்கள்லாம் வெளிய போய் விளையாடுங்க. இது பொம்பளப் பசங்க விஷயம்.”

பையன்கள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒருவன் மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். அவளுடைய தம்பி அன்புசெல்வன். எட்டாம் வகுப்பு படிக்கிறான்.

“க்கா, நானும் இருக்கட்டா?”

“இங்க இன்னாடா உனக்கு வேல? ரெட்ட ஜடை போட்டு உடட்டா?”

பெண் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்புவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனான். வெளியே “டேய் அன்பு, பேட்டிங் வர்றியா?” என்று யாரோ கூப்பிட்டார்கள். அவன் போகாமல் மதில்மேல் ஏறி உட்கார்ந்ததை ஜன்னல் வழியாக ஏஞ்சல் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினாள்.

“மொதல்ல அண்ணான்னு சொல்லிக்கினு வருவான். நல்லாப் பேசுவான். நம்ம ஊட்ல யாரும் நம்மளப் புரிஞ்சிக்கல, அவன்தான் புரிஞ்சிக்கினான்னு தோணும். எதனா வாங்கித் தருவான். அப்புறம் போட்டோ கேப்பான். எல்லாத்துக்கும் மேல, ‘இது நமக்குள்ள இருக்கட்டும்’னு சொல்லுவான். அந்த வார்த்த வந்துச்சுன்னா உஷாராயிடணும். உடனே ஊட்ல சொல்லணும். சொல்லுவீங்களா?”

“சொல்லுவோங்க்கா” என்று பெண் பிள்ளைகள் ராகம் போட்டார்கள். ஆயர் கை தட்டினார்.

அன்று அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. பின்னால் அவளை அதிகமாகச் சுட்டது அதுதான்.

பீட்டரின் அப்பா ஆரம்பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கிக் காலம் தள்ளியவர். பீட்டர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லுக்குப் போனார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அம்மா சின்னப்பொண்ணுவுக்கு மசாலாப் பொட்டலம் போடும் கம்பெனி. அவளுக்கும் ஷிப்ட்தான், ஆனால் பீட்டரின் சக்கரமும் அவளுடைய சக்கரமும் ஒன்றாகச் சுற்றாது. ஏஞ்சல் வேறொரு கம்பெனியின் ஸ்டோரில் காண்ட்ராக்டில் கணக்குப் பதிகிறாள். வீட்டுக்கு வந்ததும் அரசு வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அதனால் அந்த வீட்டில் ஒருவர் நலத்தை ஒருவர் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். போகிறவர் வருகிறவருக்குச் சோற்றைத் தட்டு போட்டு மூடிவைத்துவிட்டுப் போவார். வருகிறவர் திறந்து சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். தட்டு கவிழ்ந்திருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். மூடியபடியே இருந்தால் ஏதோ சரியில்லை.

சின்னப்பொண்ணுவின் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். ஆனால் ஷிப்ட் முடிந்து அதைத் திரும்ப வாங்க வரிசையில் நின்றால் கம்பெனி பஸ் போய்விடும். அதனால் அவள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். பள்ளியிலிருந்து வரும் அன்புவின் கைக்கு அது போய்ச்சேரும். யாரும் அவனுக்குப் போன் வாங்கிக் கொடுக்கவில்லை. கம்பெனி விதி கொடுத்தது.

ஏஞ்சலுக்கு அந்த வயதில் போனைத் தொடவே விட்டதில்லை. காலேஜ் மூன்றாம் வருடத்தில் கிடைத்த போனையும் பீட்டர் வாரம் தவறாமல் வாங்கிப் பார்ப்பார். “பொட்டப்புள்ள கையில போன் இருந்தா ஊரு ஆயிரம் பேசும்” என்பார். தம்பிக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டமெல்லாம் கிடையாது என்று அவள் ஒருமுறை அம்மாவிடம் சண்டைக்கே போனாள்.

“அவன் ஆம்பளப் பையன்டி. அவன இன்னா பண்ணிடப் போறாங்க?” என்றாள் சின்னப்பொண்ணு.

அநியாயம் என்று ஏஞ்சலுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அந்தக் கோபம் முழுக்க அவளைப் பற்றியது. காவல் இல்லாதது சலுகை என்றுதான் அவளும் நினைத்தாள்.

அன்பு மாறிக்கொண்டு வந்தது அவள் கண்ணில் படாமல் இல்லை. போனில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுவான். அந்த விளையாட்டில் அவனுடைய ஆளுக்குத் திடீரென்று தங்க நிற உடுப்பும் புதுத் துப்பாக்கியும் வந்தன. “ஜெயிச்சேன்க்கா” என்றான். போனைக் கவிழ்த்தே வைத்தான். வெயில் காலத்திலும் சட்டையைக் கழற்றாமல் படுத்தான். பேச்சில் அவ்வப்போது “ஹரி அண்ணா” என்று ஒரு பெயர் வரும். பிறகு வராமலே போனது. அவள் படிக்கும்போது விளையாட்டுச் சத்தம் கேட்டால், “போனத் தூக்கிக்கினு மாடிக்குப் போடா, பேஜாரு பண்ணாத” என்பாள். அவனும் வாய் பேசாமல் போவான். சொன்ன பேச்சு கேட்கிறானே, பொறுப்பு வருகிறது என்று நினைத்தாள்.

ஒருநாள் சரவணன் கடையில் அம்மாவின் நம்பருக்கு ரீசார்ஜ் போடச் சொன்னாள். சரவணன் பார்த்துவிட்டு, “பேக் இன்னும் முடியாம கீதே. ஒங்க ஊட்ல டப்பு கொட்டுது போல” என்றான். அம்மா போட்டிருப்பாள் என்று நினைத்து ஏஞ்சல் வந்துவிட்டாள்.

பின்கூடத்தில் பேசிய அடுத்த வாரம், ஒரு மாலை. சின்னப்பொண்ணு ஷிப்ட்டில் இருந்தாள். பீட்டர் இரவு வேலைக்காகத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் ரேஷன் கார்டு படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொள்ள ஏஞ்சல் அம்மாவின் போனை எடுத்தாள். கையில் இருக்கும்போதே ஒரு செய்தி வந்து விழுந்தது.

‘சனிக்கிழமை காலையில கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷன். வரலன்னா போட்டோ உங்க கிளாஸ் குரூப்புக்குப் போயிடும்.’

யாருக்கோ வந்தது தவறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். விரலால் தள்ளித் தள்ளி மேலே போனாள். மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தது. அன்பு பதில் போட்ட இடமெல்லாம் ‘ஹரி அண்ணா’. ‘சாப்ட்டியா தம்பி?’ ‘ஸ்கூல்ல இன்னிக்கு யாராவது அடிச்சாங்களா?’ ‘ஏன் டல்லா இருக்க?’ ‘நீ விளையாடற மாதிரி எவனும் விளையாட முடியாது.’ வீட்டில் ஒருவரும் அவனிடம் கேட்காத கேள்விகள். கேட்க வேண்டிய நேரத்தில் எல்லோரும் ஏதோ ஒரு பஸ்ஸில் இருந்தார்கள். பிறகு தங்க உடுப்பு வந்தது. பிறகு ‘இது நமக்குள்ள இருக்கட்டும்.’ பிறகு படம் கேட்டது. அவன் மறுத்தது. மறுபடி கேட்டது. அவன் அனுப்பியது. அந்தப் படத்தைக் கண்டதும் ஏஞ்சல் போனைப் பாயில் கவிழ்த்தாள். அவள் தயாரித்துக் கொண்டுபோய்ச் சொன்ன அத்தனையும் அதே வரிசையில், அவள் வீட்டு மாடியிலேயே நடந்திருந்தது.

மாடிக்குப் போனாள். அன்பு தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் கையில் போனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“இன்னாடா பண்ணி வெச்சிருக்க? அசிங்கமா இல்ல ஒனக்கு?”

அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். ‘பயந்துட்டியா?’ என்று அவள் கேட்கவில்லை. ‘யாருடா அவன்?’ என்றுகூடக் கேட்கவில்லை.

“க்கா, நைனாகிட்ட சொல்லாதக்கா” என்றான். அழவில்லை. அவன் உதடு மட்டும் கோணிக்கொண்டது.

தெருவில் யாரோ தண்ணீர்க் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஏஞ்சல் குனிந்து எட்டிப் பார்த்தாள். சத்தம் கேட்டிருக்குமோ? நாளைக்கு ஆதாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இதையும் சேர்த்துக் கேட்பார்களோ? ஆயர் காதுக்குப் போனால்? ‘ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தா, அவ தம்பியப் பாத்தியா’ என்பார்களே. தம்பி எதிரில் நிற்க, அவள் இதையெல்லாம்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே விரலை வைத்து அழுத்தினாள். அத்தனை பேச்சும் போனது. படங்கள் போயின. விளையாட்டும் போனது. அந்த நம்பரையும் வராதபடி தடுத்தாள். வீட்டைப் பெருக்கித் துடைத்தமாதிரி போன் சுத்தமானது.

“முடிஞ்சிடுச்சு. இனிமே அவன் வரமாட்டான். யார்கிட்டயும் வாயத் தொறக்காத. இது நமக்குள்ள இருக்கட்டும்.”

அன்பு சட்டென்று தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அப்போது அவளுக்கு விளங்கவில்லை. நன்றி என்று எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது அடுப்பு மேடையில் இரண்டு தட்டுகள் மூடியபடி இருந்தன. காலையில் வைத்ததும் மதியம் வைத்ததும். அன்பு அறை மூலையில் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பையை வாங்கித் திறந்தாள். புத்தகம் ஒன்றும் இல்லை. ஒரு சட்டை, ஒரு துண்டு.

“இன்னாடா இது?”

“வேற நம்பர்லேந்து மெசேஜ் பண்ணான்க்கா. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்றான். ஒரு தபா போய்ட்டு வந்துட்டா எல்லாத்தையும் அழிச்சிட்றேன்னு சொல்றான்.” கொஞ்சம் நிறுத்தி, “நீ அழிச்ச மாதிரி” என்றான்.

ஏஞ்சல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழித்தது அம்மாவின் போனில் இருந்ததை. அந்த ஆளின் போனில் இருந்தது அப்படியே இருக்கிறது. இது தெரியாதவளா அவள்? தெரியும். அவள் பெருக்கித் துடைத்தது தன் வெட்கத்தைத்தான். தம்பியின் ஆபத்து இருந்த இடத்திலேயே இருந்தது.

பின்கூடத்துப் பேச்சின் கடைசியில் அவளே பெண் பிள்ளைகளை மூன்று முறை சொல்லவைத்த நம்பர் ஒன்று உண்டு. குழந்தைகள் உதவி மையத்து நம்பர், பத்து தொண்ணூற்றெட்டு. அதை அடித்தாள். எடுத்த பெண் குரல் அவசரப்படாமல் கேட்டது.

“குழந்தைக்கு என்ன வயசும்மா?”

“பதிமூணு.”

“பெண் குழந்தையா?”

“இல்ல. பையன். என் தம்பி.”

எதிர்முனையில் ஆச்சரியப்படுவார்கள் என்று எதிர்பார்த்தாள். குரல் மாறவே இல்லை. “சரி. இப்ப தம்பி எங்க இருக்கான்? அவன்கூட யார் இருக்காங்க?”

“நான் இருக்கேன்” என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

அவனைத் தனியே விடாதீர்கள், ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள், அந்த ஆளுக்குப் பதில் போடாதீர்கள், அம்மா அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று அந்தக் குரல் ஒவ்வொன்றாகச் சொன்னது. ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள், பையன் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டியதில்லை என்றது. கடைசியாக, “போன்ல இருக்கறது எதையும் அழிச்சிடாதீங்க, அதான் ஆதாரம்” என்றது. ஏஞ்சல் “சரிங்க” என்றாள்.

அன்புவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். மசாலா நெடியோடு இறங்கிய சின்னப்பொண்ணு இருவரையும் ஒன்றாகக் கண்டு, “இன்னா, ராஜ மரியாதையா?” என்று சிரித்தாள். ஏஞ்சல் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு போக இடம் தெரியாமல் முகத்திலேயே நின்றது. “ஆம்பளப் பையன்டி அவன்” என்றாள். “ஆம்பளப் பையன்டி” என்று மறுபடியும் சொன்னாள். பிறகு ரோடு என்றும் பார்க்காமல் அன்புவை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

பீட்டரிடம் சின்னப்பொண்ணுதான் சொன்னாள். அவர் கையை ஓங்கினார். யாரை அடிப்பதென்று தெரியாமல் இறக்கினார். அன்று ட்யூட்டிக்குப் போகவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். மகளிர் காவல் நிலையத்து எஸ்.ஐ. கல்பனாவும், குழந்தைகள் உதவி மையத்திலிருந்து ஓர் இளைஞரும். கல்பனா காக்கி போடாமல் சாதாரணச் சேலையில் வந்திருந்தார். எதிர்வீட்டு அஞ்சம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தாள்.

“இன்னா பீட்டரு, பொண்ணு பாக்க வந்துகீறாங்களா? சொல்லவே இல்ல! மாப்ள கொஞ்சம் ஒல்லி.”

உதவி மையத்து இளைஞர் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால் ஏஞ்சல் அன்புவைச் சமையல் மேடைப் பக்கம் இழுத்துப்போய், “பழைய மெசேஜ் எங்கன்னு கேட்டா, தானா போயிடுச்சுன்னு சொல்லு” என்று கிசுகிசுத்திருந்தாள். அவன் எப்போதும்போலத் தலையாட்டினான்.

கல்பனா பாயில் அன்புவுக்கு எதிரே உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில் அதைக் கேட்கவில்லை. எந்த விளையாட்டு, எந்த லெவல் என்றார். “என் பையனும் அத்ததான் விளையாடறான். எனக்குப் புரிய மாட்டேங்குது, நீ சொல்லிக்குடு” என்றார். அன்பு ஒன்றிரண்டு வார்த்தை பேசினான். பிறகு போனைக் காட்டச் சொன்னார். புதிய நம்பரிலிருந்து வந்திருந்த செய்திகளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுக்கு முன்னாடி பேசினதெல்லாம் எங்க?”

அன்பு ஏஞ்சலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து, “நான்தான் மேடம் அழிச்சேன்” என்றான்.

தானாகப் போய்விட்டது என்று சொல்லத்தான் அவள் சொல்லிக் கொடுத்தாள். அவன் அதையும் தாண்டிப் பழியைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டான். இத்தனை மாதம் அந்த ஆளுக்காக ரகசியத்தைக் கட்டிக் காத்தவன், இப்போது அக்காவுக்காகக் காத்தான்.

“பயத்துல அழிச்சியா? பரவால்ல கண்ணு” என்றார் கல்பனா.

அத்தோடு போயிருக்கும். யாரும் மேலே கேட்கமாட்டார்கள். ஏஞ்சல் சும்மா இருந்தால் போதும். நைனாவுக்குத் தெரியாது, ஆயருக்குத் தெரியாது, தெருவுக்கு அவள் என்றும்போலப் படித்த பெண். மாடியில் அவன் தலையைத் தூக்கிப் பார்த்த பார்வை அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஹரி அண்ணா சொன்ன அதே வாக்கியத்தை, ஒரு சொல் மாறாமல், அக்காவும் சொல்லியிருந்தாள்.

“அவன் இல்ல மேடம்,” என்றாள். குரல் கீச்சென்று வந்தது. “நான்தான் அழிச்சேன். வெளிய தெரிஞ்சிடும்னு. அவன்கிட்ட நான்தான் பொய் சொல்லச் சொன்னேன். இது நமக்குள்ள இருக்கட்டும்னும் நான்தான் சொன்னேன்.”

பீட்டர் வாசற்படியிலிருந்து திரும்பி மகளைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

கல்பனா பெருமூச்சு விட்டார். “படிச்சவங்க ஊட்லதான் சுத்தமாத் தொடச்சி வெச்சிருக்காங்க” என்றார். அதில் கோபம் இல்லை. பார்த்துப் பார்த்துச் சலித்த குரல். பிறகு வேறு பக்கம் திரும்பினார். “சரி. அவன் எதனா வாங்கிக் குடுத்தானா?”

“கேம்ல டிரெஸ்” என்றான் அன்பு.

“வேற?”

கல்பனா போனைத் திருப்பிப் பார்த்தார். “இந்த நம்பருக்கு மாசா மாசம் ரீசார்ஜ் யார் போடறது?”

“அவதான்” என்று பீட்டர் சின்னப்பொண்ணுவைக் காட்டினார்.

“நானா? எனக்கு எங்க நேரம்? ஏஞ்சலு போடும்” என்றாள் சின்னப்பொண்ணு.

“அம்மா, நீ போட்டன்னு நெனச்சிக்கினு…” ஏஞ்சல் பாதியில் நிறுத்தினாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறொரு நாளில் அவர்கள் இப்படி முகத்துக்கு முகம் பார்த்ததில்லை. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் போட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். அத்தனை மாதமும் அந்த வீட்டுக்கு முகம் தெரியாத ஒரு சம்பாத்தியக்காரன் இருந்திருக்கிறான்.

“அவன் போடுவான் மேடம்,” என்றான் அன்பு மெல்ல. “ஊட்ல யாரும் கேக்கல. அதனால நானும் சொல்லல.”

சின்னப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சரி, அதுவும் ஒரு வழிதான்,” என்றார் கல்பனா. “ரீசார்ஜ் எங்கேந்து போச்சு, எந்தக் கணக்குலேந்து போச்சுன்னு போன் கம்பெனிக்காரன கேட்டா சொல்லியாகணும். அத நீங்க அழிக்க முடியாது. பிடிச்சிடுவோம்னு சத்தியம் பண்ணமாட்டேன். தேடுவோம். இன்னிக்கு அந்த ஸ்டேஷன்லயும் எங்க ஆளுங்க நிக்கறாங்க.” பிறகு அன்புவின் பக்கம் குனிந்தார். “நீ தப்பு பண்ணல. உன்ன ஏமாத்தினவன்தான் தப்பு பண்ணான். அந்த போட்டோ வெளிய போனாலும் அத நீக்க வைக்க வழி இருக்கு. இப்ப மொதல்லேந்து நீ சொல்லணும். உனக்குத் தோணற மாதிரி சொல்லு. கூட யார் இருந்தா சரி?”

அன்பு யோசித்தான். “அம்மா இருக்கட்டும்.”

“நைனா?”

“நைனாவும் இருக்கட்டும். அந்தாண்ட பாத்துக்கினு.”

பீட்டர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அக்கா?”

அன்பு சட்டையின் ஓரத்தை விரலில் சுற்றினான். அவன் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அக்கா வெளிய இருக்கட்டும்” என்றான்.

ஏஞ்சல் எழுந்தாள். செருப்பு கதவுக்குப் பின்னால் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அன்றைக்குப் பின்கூட வாசலில் அவனும் இப்படித்தான் நின்றான். அவன் ஒரு கேள்வி கேட்டான், அவள் கேலி பண்ணினாள். அவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவும் யோக்கியதை இல்லை. பின்னால் கதவு சாத்தப்பட்டது.

படியில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டில் அஞ்சம்மாளின் முறம் மறுபடி நின்றது.

“இன்னாடி, பொண்ண வெளிய தொரத்திட்டுப் பேசறாங்க? சீர் விஷயமா?”

“இல்லத்தே. தெரிஞ்சவங்க.”

அதைச் சொன்னபோது முகம் கொதித்தது. ஆனால் இது நேற்றுவரை அவள் காத்த ரகசியம்போல் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே நடப்பது அன்புவின் விஷயம். யாரிடம் சொல்வது என்று அவன்தான் முடிவு பண்ண வேண்டும். அவள் வாயைத் திறக்காமலிருப்பது இன்று அவனுக்காகவா, தனக்காகவா? தெரியவில்லை. இனிமேல் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அஞ்சம்மாளின் பின்னால், கதவு நிலையில் சாய்ந்து, அவளுடைய மகன் போனில் மூழ்கியிருந்தான். ஆறாவதோ ஏழாவதோ படிக்கிறவன். அன்று பின்கூடத்திலிருந்து கத்திக்கொண்டு ஓடியவர்களில் ஒருவன்.

“அத்தே,” என்றாள் ஏஞ்சல். “அந்த போனுக்கு ரீசார்ஜ் யாரு போடறது?”

“இன்னா?”

“தம்பி கையில கீதே, அந்த போனுக்கு. யாரு போடறது?”

“இது இன்னாடி கேள்வி? அவங்கப்பாதான் போடும்.” முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, உள்பக்கம் திரும்பிக் கத்தினாள். “யோவ், சின்னவன் வெச்சினுகீற போனுக்கு நீதான ரீசார்ஜ் போட்ட?”

உள்ளேயிருந்து பதில் வர நேரமாயிற்று. ஏஞ்சல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“நான்தான் போட்டேன். சரவணன் கடையில. அதுக்கு இப்ப இன்னா?”

“ஒண்ணும் இல்ல, இவ கேட்டா” என்று சொல்லிவிட்டு அஞ்சம்மாள் ஏஞ்சலை ஒரு மாதிரி பார்த்தாள். மகனையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு புடைக்கத் தொடங்கினாள்.

ஏஞ்சலுக்குப் பின்னால், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், அன்புவின் குரல் கேட்டது. நின்று நின்று வந்தது, பிறகு தொடர்ந்து வந்தது. என்ன சொல்கிறான் என்று விளங்கவில்லை. கதவில் காதை வைத்தால் விளங்கும். அவள் படியில் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.